புள்ளி

பீளமேட்டில் மூன்றாம் மாடி.
மைனஸ் எண்பதில் உறைந்திருக்கிறார்கள்
வசந்தாமணியும் சாந்தாமணியும்.
பெட்டியில் அடுத்தடுத்த குழி.
பேர் கிடையாது:
நாற்பத்தொன்று அ, நாற்பத்தொன்று ஆ.

ஒரே கரு பிளந்து வந்தவர்கள்.
முந்நூறு கோடி எழுத்தையும்
மெய்ப்புத் திருத்துபவள் போல ஓட்டிப் பார்த்தேன்.
அநேகமாக அச்சு அசல்.
ஒருவருக்கு இடது மார்பு இல்லை.
மற்றவருக்கு இருக்கிறது.

வித்தியாசம் எழுத்தில் இல்லை,
எழுத்தின் தலையில்.

கல என்று எழுதுங்கள்.
கடைசியில் ஒரு புள்ளி வையுங்கள்.
கல்.

போதும், பெருகாதே என்று
செல்லை அதட்ட வேண்டிய ஒரு மரபணு.
அதன் வாசல் நெடுகப் புள்ளிகள்,
விடியுமுன் யாரோ வந்து
புள்ளி மட்டும் வைத்துவிட்டுக்
கோலம் இழுக்காமல் போனது போல.
உள்ளே இருப்பவர் வாய் திறக்கவில்லை.

"குளிக்கறப்பத் தட்டுப்பட்டுதுங்க,
சின்னக் கல்லாட்ட. வலியே இல்லீங்க."
ஆறு மாசம் யாரிடமும் சொல்லவில்லை வசந்தாமணி,
தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்று.

யார் வைத்த புள்ளி?
அவர் சென்னிமலைச் சாயப்பட்டறையில் பதினெட்டு வருசம்.
இவர் வெள்ளகோவில் பக்கம்
முருங்கைக்காடும் நாலு எருமையும்.
சாயமா? ராத்திரி ஷிப்டா?
புருஷன் செத்த வருசமா? பிள்ளை பெறாததா?
சும்மா, தற்செயலா?
நூற்றிருபது ஜோடி வேண்டும்.
கைவசம் ஒன்பது.
சாயம் என்று எழுதக் கை துடிக்கிறது.
மேலும் ஆய்வு தேவை என்று எழுதுகிறேன்.

சில ரத்தப் புற்றில்
புள்ளியை அழிக்க மருந்து வந்துவிட்டது.
இதற்கு இன்னும் இல்லை.

ரத்தம் கொடுத்த கையை மடக்கிக்கொண்டே
முருங்கைக்காய்க் கட்டை மேசையில் வைத்தார் சாந்தாமணி.
"எனக்கும் வருமுங்களா?"
தெரியலீங்க என்றேன்.
அந்த ஒரு சொல்லைத் தைரியமாகச் சொல்ல
ஏழு வருசம் படித்திருக்கிறேன்.

இன்றிரவு ஒப்புதல் படிவங்களை மறுபடி எடுத்தேன்.
அக்காவின் கையெழுத்து கோணல்தான், ஆனால் முழுசு.
தங்கச்சி அவசரத்தில்
ந-வின் மேல் புள்ளியை விட்டிருக்கிறார்.
சாநதாமணி.

ஆளில்லாத ஆய்வகத்தில் வாய்விட்டுப் படித்தேன்.
அமுங்கியிருக்க வேண்டிய ஓர் எழுத்து
எழுந்து பேசியது.

படிவத்தில் நாங்கள் எதையும் திருத்தக் கூடாது.
பேனாவை மூடினேன்.