இணைப்பு ஆ: ஒரு புட்டி

மகஜர் போய்ச்சேர வேண்டிய கடைசி நேரம்
இன்றிரவு பதினொன்று ஐம்பத்தொன்பது.
ஜெலுத்தோங்கில் டயர் கடைக்கு மேல்மாடி.
நாங்கள் ஐந்து பேர், ஒரு மின்விசிறி,
மேசை நடுவே
தெலுக் பகாங்கிலிருந்து பாக் சோப்ரி கொண்டுவந்த
ஊறுகாய்ப் புட்டி.
எலுமிச்சை என்கிறது லேபிள் இன்னமும்.
உள்ளே தார் உருண்டைகள்,
புதன் காலை கரையொதுங்கியவை,
ஒன்றில் இரண்டு சிப்பிகள் ஒட்டியபடி.

எந்தக் கப்பல் கழுவி ஊற்றியதோ.
கடலில் கையெழுத்து நிற்பதில்லை.
துறைக்குப் போன் செய்தோம்.
மாதிரி எடுத்தீர்களா என்றார்கள்.
எடுத்தோம்.
முறைப்படி எடுத்தீர்களா?
"ஊறுகாயைக் கழுவிவிட்டுத்தான் எடுத்தோம்"
என்றாள் யோகராணி.
அதன்பிறகு அந்தப் பக்கம்
இசை மட்டும் ஓடியது.

மசோதாவின் முப்பத்தெட்டுப் பக்கங்களில்
'நிகர' என்ற சொல் நாற்பத்தொரு முறை.
எண்ணியவன் சிவநேசன். வங்கி வேலை,
எண்ணாமல் இருக்க வராது அவனுக்கு.
'மீனவர்' ஒரே முறை,
அதுவும் அடிக்குறிப்பில்,
'ஏனையோர்' என்பதற்குப் பக்கத்தில்.

மலாய்ப் படி ஹுவீ லின் எழுத,
தமிழ்ப் படி என்னுடையது.
நிகர சுழியம் என்று எழுதிவிட்டு
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சுத்தமான சொல். குறை சொல்ல ஒன்றுமில்லை.
ஆனால் கடலுக்குப் போகிறவர்களுக்குச்
சுழி வேறு.
அது ஆளை உள்ளே இழுப்பது.

என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார் பாக் சோப்ரி.
இங்கே புகைத்ததை
எங்கோ மரம் நட்டுக் கழித்துக்கொள்வது என்றேன்.
"என் வலையில் ஒட்டியதை
எந்த மரத்தில் துடைப்பது?"
யாரும் குறிப்பெடுக்கவில்லை.
குறிப்பெடுக்க வேண்டியவள் நான்.

எள்ளு காயுது எண்ணெய்க்கு,
எலிப்புழுக்கை ஏன் காயுது?
எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிப் பார்த்தேன்.
தவறான இடத்தில் சிரித்தார்,
பிறகு நிறுத்தி,
"அப்போ நான் புழுக்கையா?" என்றார்.
பதில் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
யாரோ தே ஓ வந்துவிட்டது என்றார்கள்.

இங்கே நான் சொல்லாத ஒன்று:
என் தம்பி கெர்த்தேயில் குழாய் பற்றவைக்கிறான்.
வாரம் மூன்று முறை
அம்மாவின் ரத்தம் சுத்தமாவது
அந்தக் குழாய் அனுப்பும் பணத்தில்.
எண்ணெய்த் தொழிலாளர்க்கு மாற்று வேலை,
மாற்று வேலை வரும்வரை முழுச் சம்பளம்,
ஏழாம் பிரிவு.
மற்ற எல்லாப் பிரிவையும் விட நீளம்.
சுருக்கலாமே என்றான் சிவநேசன்.
சுருக்கவில்லை.
ஏன் என்று அவன் கேட்கவில்லை,
எண்ணிக்கொண்டிருந்தான் போல.

பதினொன்று நாற்பது.
இணைப்புகள் ஐந்து மெகாபைட்டுக்கு மிகாமல்.
புட்டியின் படம் ஏழு.
ஹுவீ லின் சுருக்கினாள்.
சுருக்கச் சுருக்கக் கறுப்பு வெளிறியது,
சிப்பிகள் காணாமல் போயின,
கடைசியில் அது
உண்மையாகவே ஊறுகாய் போல இருந்தது.
பரவாயில்லை, அனுப்பு, மணியைப் பார்.
ஐம்பத்தாறுக்குப் போய்விட்டது.
பதிலுக்கு ஓர் எண் வந்தது.
யோகராணி அதைக் கையில் எழுதிக்கொண்டாள்,
பேனா வியர்வையில் இழுக்காமல் இழுக்காமல்.

புட்டியை என்ன செய்வது?
பாக் சோப்ரி தலையாட்டினார்:
வீட்டில் நிறைய இருக்கிறது.

மோட்டார் கூடையில் அதை வைத்து
கிரீன் லேன் வரும்போது
முள் சிவப்பைத் தொட்டுவிட்டது.
ஐந்து ரிங்கிட்டுக்குப் போட்டேன்.
மூடி சரியாக மூடவில்லை;
எது எதன் வாடை என்று
பிரிக்க முடியவில்லை.
காசு வாங்கிய தமிழ்ப் பையன்
கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான்.
"வீட்டில் போட்டதாக்கா?"

ஆமாம் என்றேன்.