மூன்றாவது தாள்

தல்லாகுளம் பரோட்டாக் கடையில்
பதினொன்றரை ஆகியும் முடியவில்லை இரண்டாம் ரவுண்டு.
சோனைமுத்து விட்டது சுத்தமான அடி என்கிறான்
நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டே ஒருவன்.
“கிளவுஸ்ல பட்டதெல்லாம் அடியாடா?
ரெய்மண்டுக்கு ஈ உக்காந்த மாதிரி.”
ரெஃப்ரி விலக்கி விலக்கி
அவரும் சேர்ந்து மூணு பேர் ஆடினாங்க
என்கிறார் மாஸ்டர், கொத்துக் கரண்டியை நிறுத்தாமல்.

மூன்றுக்கு இரண்டு.
ஒரு ஜட்ஜ் காசு வாங்கியாச்சு.
எந்த ஜட்ஜ்?
அந்த மூணாவது. பொம்பள.

சால்னாவில் விரல் ஊற உட்கார்ந்திருக்கிறேன்.
வெள்ளைச் சட்டை பைக்குள் மடிந்து கிடக்கிறது.

தொண்ணூற்றிரண்டு கிலோவுக்கு மேலே இரண்டு உடம்பு,
குறுக்கே ரெஃப்ரியின் முதுகு.
அந்த அடியை நான் பார்க்கவில்லை.
கேட்டேன்.
கீழமாசி வீதியில் லாரியிலிருந்து
புளி மூட்டை விழுகிற சத்தம்.
அப்புறம் ரெய்மண்டின் இடதுகால்
அரை அடி பின்னால்.
வாங்கியதில் போனதா,
வியர்வையில் வழுக்கியதா?
பத்து, ஒன்பது என்று எழுதினேன்.
பேனா நடுங்கவில்லை.
அதுதான் இப்போது உறுத்துகிறது.

“அக்கா, நீங்க மேட்ச் பாத்தீங்களா?
நீங்களே சொல்லுங்க.”

“அந்த நேரம் மறைச்சிருச்சு தம்பி.”

எலும்பை இலையில் தட்டிவிட்டுச் சொல்கிறான்:
“அடுத்த தடவ வெள்ளனா வந்து
நல்ல எடமாப் பிடிங்கக்கா.”