ஐம்பத்து நான்கு டிகிரி

ஜெல்யாஸ்கோ ஜூலையில் வந்தார்.
கூடையில் நனைந்த செய்தித்தாள்,
அதற்குள் பழுக்குமுன் உதிர்ந்த பிளம்கள்.
தோலெல்லாம் குழி, சதையில் பழுப்புப் பிசின்.
இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்:
பச்சைக்குள் வெளிறிய வளையங்கள்,
யாரோ ஈரக் குவளையை வைத்து எடுத்ததுபோல்.

கியூஸ்தெந்தில் பக்கம் இதை ஷார்கா என்போம்.
அம்மை.
அம்மை கண்ட பிள்ளை எழுந்து ஓடும்.
மரம் தேறாது.

என் வேலை அறிக்கை எழுதுவது.
இலைச்சாற்றைப் பிழிந்து குழாய்களில் ஊற்றி
வெந்நீரில் பத்துப் பத்து நிமிடம் நிறுத்தினேன்.
சக்கரவர்த்திக் கீரைக்கு நாற்றமடிக்கும் உறவுச்செடி ஒன்றுண்டு;
அதன் இலையில் பொடி தூவி
விரலால் தேய்த்தேன்.
ஒரு வாரம் போய் புள்ளிகளை எண்ணினேன்.
ஐம்பது டிகிரியில் முப்பத்தொன்று.
ஐம்பத்திரண்டில் நான்கு.
ஐம்பத்து நான்கில் இலை சுத்தம்.

பத்தாயிரம் மடங்கு நீர் சேர்த்தால் அதற்கு வலுவில்லை.
மேசைமேல் குப்பியில் இரண்டு நாள் தாங்காது.
சோபியாவிலிருந்து வந்த புகைப்படத்தில்
ஒரு வளைந்த நூல்;
மில்லிமீட்டரை ஆயிரத்து முந்நூறாய் நறுக்கினால்
அதில் ஒரு துண்டு நீளம்.
இவ்வளவுதான். நோஞ்சான்.

அறிக்கையை இரண்டு தடவை படித்தார்.
"ஐம்பத்து நான்கா?
என் சாராய அடுப்பே அதைவிடச் சூடு.
தோட்டத்தைச் சுற்றி நெருப்பு மூட்டினால்?"
மரம் முதலில் போகும் என்றேன்.
"கண்ணாடிக்குள் சாகிறது
எனக்குள் மட்டும் ஏன் சாகமாட்டேன் என்கிறது?"
எனக்குள் என்றுதான் சொன்னார்.
நான் திருத்தவில்லை.

ஓர் அசுவினி ஒரு நிமிடம் உறிஞ்சினால் போதும்
என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?
அடுத்தது பீச், அதற்கடுத்து ஆப்ரிகாட்,
வேலியோர முட்புதர்கூட அதற்கு வீடு.

அக்டோபரில் வெட்டியதைச் சரிபார்க்கப் போனேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு குழிகள்.
ஒன்றை இரண்டாம் முறை எண்ணிவிட்டேனோ என்று
திரும்பவும் நடந்தேன்.
கட்டைக் குவியல்மேல் அவர் மகள் ருமியானா
ஆப்ரிகாட் கொட்டைகளை உருட்டி விளையாடினாள்.
சாதாரணக் கொட்டைக்கு ஒன்று,
வெள்ளை வளையம் போட்டதற்குப் பத்து.
அப்படிப்பட்டவை அவளிடம் ஒரு சட்டிநிறைய.

"அடுத்த வருஷமும் இந்த மாதிரி காய்க்குமா?"
காய்க்காது என்றேன்.
அவள் உதடு பிதுங்கியது.
ஜெல்யாஸ்கோ எங்களைப் பார்க்காமல்
ஒரு வேரில் ஒட்டிய மண்ணைத்
தட்டிக்கொண்டே இருந்தார்.