வீண்பொறி

கிளிவிட்சேயில் எங்கள் குடியிருப்பின்
படிக்கட்டுப் பலகையில் ஒரு தாள்:
"விடிகாலை மூன்றரைக்குத்
துப்பாக்கி சுடுகிறவர் யார்?"
பெயர் இல்லை.
ஆனால் இடப்பக்கம் சாய்ந்த அந்த எழுத்து
இரண்டாம் மாடி லுட்விக்குடையது.

துப்பாக்கி இல்லை, ஃபியட்.
என்னைவிட இரண்டு வயது மூத்தது.
பின்புறப் பெட்டிக்குள் இரண்டே சிலிண்டர்,
ரொட்டி அடுப்பு மூட்டப் போகிறவளுக்கு
அது போதும்.
பொறிதான் பிந்துகிறது.
எரிந்து முடியாத பெட்ரோல்
புகைக்குழாய் வரை போய் அங்கே வெடிக்கிறது.
பந்திக்கு முந்தவேண்டிய ஒன்று
இலையெடுத்த பிறகு வந்து
வாசலில் நின்று சண்டை போடுகிறது.

ஞாயிறு. பிப்ரவரி. மைனஸ் நான்கு.
மூடியைத் தூக்கிக் கயிற்றால் கட்டினேன்.
பாயிண்டின் முகமெல்லாம் கரும்புள்ளி.
உப்புத்தாளால் தேய்த்து,
அரை மில்லிமீட்டர் தகட்டை நடுவில் விட்டு இழுத்தேன்:
பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும்,
மாவு பதமானதும் விரலுக்குத் தெரிவதுபோல.
பிளக் இரண்டையும் கழற்றினேன், எஞ்சின் இலகுவாகச் சுழல.
சின்ன பல்பு ஒன்று,
ஒரு கம்பி காயிலில், இன்னொன்று வண்டியின் உடம்பில்.
பாயிண்ட் சேர்ந்திருக்கும்வரை இருட்டு.
பிரியும் கணத்தில் வெளிச்சம்.

கப்பியின் நட்டு எப்போதோ மழுங்கிவிட்டது,
ஸ்பேனர் பிடிக்காது.
நாலாவது கியரில் போட்டுத் தள்ளினால் எஞ்சின் சுற்றும்,
ஆனால் தள்ளுகிறவளால் கப்பியின் கீறலைப் பார்க்க முடியாது.

குப்பைப் பையோடு, வீட்டுச் செருப்போடு
பனியில் வந்து நின்றார் லுட்விக்.
"இதுதானா அது?"
"இதேதான். தள்ளுங்கள்.
ஒரு விரற்கடை."

இரண்டு முழம் தள்ளினார்.
கீறல் பத்து பாகைக் குறியைத் தாண்டி ஓடியது.
பின்னுக்கு இழுக்கக் கூடாது,
பல்லின் தளர்ச்சி பொய் சொல்லும்.
"மறுபடி முதலிலிருந்து."
சிலேசியப் பேச்சில் ஒரு வசவு,
எனக்கா வண்டிக்கா தெரியவில்லை.
ஐந்தாவது தடவை
கீறலும் குறியும் ஒரே கோடாகின.
"நில்!" என்று கத்தினேன், மரியாதையை மறந்து.

டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தை
மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன்.
இருட்டு. இருட்டு.
எரிந்தது.
இறுக்கினேன்.

பிளக்குகளை வயரில் மாட்டி எஞ்சின்மேல் கிடத்தி
அவரை இன்னொரு சுற்று தள்ளச் சொன்னேன்.
இரண்டிலும் ஒரே நேரத்தில் நீலம் சொடுக்கியது.
"ரெண்டுமேவா?"
"ஒன்று பெட்ரோல் ஆவிக்கு.
மற்றது அடுத்த சிலிண்டரின் வெறும் புகைக்கு. வீண்பொறி."
"ஒவ்வொரு சுற்றிலுமா?"
"ஒவ்வொரு சுற்றிலும்."
அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
குப்பைப் பையின் ஓரத்தில்
பனி சேர்ந்தது.

"நான் சுரங்க விளக்கறையில் முப்பது வருடம்,"
என்றார், என்னைப் பார்க்காமல்.
"இரவுப் பணி. இப்போதும் தூக்கம் வராது.
உங்கள் வெடிச்சத்தம் கேட்டால்
மூன்றரை ஆயிற்று என்று தெரியும்.
அப்புறம் கொஞ்சம் கண்ணயர்வேன்."
பிறகு எதற்கு அந்தத் தாள் என்று
நான் கேட்கவில்லை.
அவர் குப்பையைக் கொட்டப் போனார்.

திங்கள்கிழமை
சாவியைத் திருப்பினேன்.
ஒரு தும்மல்கூட இல்லை,
நாய்கள்கூடக் குரைக்கவில்லை.
இரண்டாம் மாடியில் விளக்கு எரிந்தது.

மதியம் திரும்பி வந்தபோது
பலகையில் அதே தாள்.
கீழே, இடப்பக்கம் சாய்ந்து, புதிதாக ஒரு வரி:
"இன்று ஒன்றும் கேட்கவில்லையே,
வேலைக்குப் போனீர்களா?"

மாவு ஒட்டிய கையால் பென்சில் எடுத்து எழுதினேன்:
"போனேன். பத்து பாகை."