வடை எண்ணெயில் ஆயிரம் கிலோமீட்டர்

ஹம்ரியா டீக்கடை மொய்துட்டி
வாரம் நாலு லிட்டர் தருவார்.
வடையும் பழம்பொரியும் குளித்த எண்ணெய், லேசாக இனிக்கும்.
எகிப்துக்காரர் கடை எண்ணெய் கறுப்பு,
அடியில் எள் மண்டியாய் நிற்கும்.
கோழி பொரிக்கும் இடத்தில் எஃப்ரென்
மேனேஜர் கிளம்பிய பிறகு
பின்கதவு வழியே டின்னைக் காலால் நகர்த்துவான்.

என் பழைய ஜீன்ஸ் காலில் வடிகட்டி
காஸ்டிக் சோடா, மெத்தனால் கலந்து
கேம்ப் குளியலறையில் இரண்டு நாள் தெளியவிட்டால்
மேலே தேன் நிறம்.
ரூமில் என்னோடு ஆறு பேர்.
ஐந்து பேருக்கு என்மேல் கோபம்,
ஒருவனுக்கு எப்போதும் பசி.

எஞ்சின், கம்பெனி கழித்துவிட்ட ஜெனரேட்டருடையது.
ஒற்றை சிலிண்டர். கிணற்றடி மோட்டார் போல
டொக் டொக் என்று யோசித்து யோசித்து ஓடும்.
"தண்ணி விலைக்கு பெட்ரோல் கிடைக்கிற ஊர்ல
உனக்கு என்னடா கேடு?" என்றார் ஃபோர்மேன் தங்கமாரி.
கேட்டது நியாயம்தான்.
மூன்று நாள் லீவு இருந்தது.
மஸ்கட்டிலிருந்து சலாலாவுக்கு ஒரு ரோடும் இருந்தது.

ஆதம் தாண்டியபின் ரோட்டுக்கு வளையத் தெரியாது.
ஐம்பத்தைந்துக்கு மேல் வண்டிக்கும் தெரியாது.
இடப்பக்கம் மணலில் ஒரு குழாய் கூடவே வந்தது.
அதற்குள் எண்ணெய் வடக்கே போகிறது, கப்பலுக்கு.
நான் தெற்கே.
இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ரோந்து போலீஸ் கைகாட்டினார்.
ஃப்ரேமுக்கு முல்கியா உண்டு, எஞ்சினுக்கு இல்லை.
அவர் அதைக் கேட்கவில்லை.
குனிந்து சைலன்சரை மோந்து பார்த்து
"சம்பூசா?" என்றார்.
ஆமாம், கொஞ்சம் கோழியும் என்றேன்.
மணி மூன்று. அவர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஹைமாவுக்கு நாற்பது கிலோமீட்டர் முன்னால்
அறிவிப்புப் பலகை ஒன்றின் காலடியில் படுத்தேன்.
ஜனவரிக் குளிர் ஷூவுக்குள் வந்து உட்கார்ந்தது.
தொடுவானத்தில் எண்ணெய்க்கிணற்றுச் சுடர்
இரவு முழுக்க எரிந்தது,
யார் கைக்கும் எட்டாமல்.

விடியலில் உதைத்தேன். உதைத்தேன்.
டேங்க் மூடியைத் திறந்தால்
மார்கழித் தேங்காயெண்ணெய்ப் பாட்டில்:
வெள்ளை வெளேரென்று,
விரல் விட்டால் விரல் பதிகிறது.

பதினோரு வருடம் இந்த வெயிலோடு சண்டை.
கிரேனின் நிழல் நகர நகர நானும் நகர்ந்து
சோறு தின்றிருக்கிறேன்.
லாரிக்கு அடியில் ஆயில் சொட்டச் சொட்டத் தூங்கியிருக்கிறேன்.
ஜூன் மாதம் பன்னிரண்டரை மணி சைரனுக்கு
உடம்பெல்லாம் காதாகக் கிடந்திருக்கிறேன்.

இன்று வண்டியைக் கிழக்கே திருப்பிவைத்து
கம்பளியை டேங்கிலிருந்து உருவிவிட்டு
எதிரில் சம்மணமிட்டு உட்கார்ந்து
வா என்றேன்.
கொஞ்சம் சீக்கிரம் வா.

ஒட்டகம் ஒன்று வந்து நின்று
எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு
குப்பையில் அட்டைப்பெட்டி தின்னப் போனது.
சரக்கு லாரிகள் ஹாரன் அடித்தன,
உதவியா கேலியா தெரியவில்லை.
ஏழு ஐம்பதுக்கு விளிம்பில் ஒரு கோடு ஈரம்.
எட்டே காலுக்குள் வெள்ளை நடுவில் தீவாகி மிதந்தது.
எட்டரைக்கு ஃபில்டரில்
ஒரு சொட்டு.
அதன் பின்னால், தயங்கி, இன்னொன்று.

தும்ரைத் தாண்டி மலை இறங்கும்போது
கடல் வாசனைக்கு முன்னால்
என் வாசனை ஊருக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.
துறைமுகத்து அருளப்பன் வாசலில் நின்றான்.
"சொன்ன மாதிரியே வந்துட்டியே பாவி" என்றான்.
வஞ்சிரம் வாங்கிவைத்திருந்தான்.
ஆறு துண்டு பொரித்தான், மூன்று எனக்கு.

சாப்பிட்டு முடித்து
சட்டியைத் தொட்டியில் கவிழ்க்கப் போனவனின்
மணிக்கட்டைப் பிடித்தேன்.

நானூறு மில்லி தேறும்.
இருபது கிலோமீட்டர்.
திரும்பிப்போக இன்னும்
தொள்ளாயிரத்து எண்பது.

"உன் பக்கத்து ரூம்ல" என்றேன்,
"இன்னைக்கு ராத்திரி என்ன சமையல்?"