ஒன்றுக்கு மூன்று

சுவரில் இரண்டு துளைகள்.
துவாலைக் கம்பி இருந்த இடம்.
விழும்போது அதைத்தான் பிடித்தாராம்.
கையோடு வந்துவிட்டது,
திருகாணி, பிளாஸ்டிக் குச்சி,
ஒரு பிடி செங்கல் தூள், எல்லாம் சேர்த்து.

"துண்டு போடுற கம்பிக்கா அது,
ஆளத் தாங்காது" என்றேன்.
"விழுறவளுக்கு அதெல்லாம் தெரியுமா?"
நடைச்சட்டத்தில் முழங்கையை ஊன்றிக்கொண்டு
பவளக்கொடி கேட்டார்.
கையுறைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருட இரவு வேலை.
இடுப்பில் இப்போது எஃகுத் தகடு.
"என் எலும்புல அடிச்ச ஆணி நிக்குது,
ஒங்க செவுத்துல அடிச்சது நிக்கலயே"
என்று சிரித்தார்.
உங்கள் சுவர் என்றது பேச்சுவாக்கில்தான்.
எனக்குத்தான் சுருக்கென்றது.

சிலிம் ரிவர். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
செம்பனை முடிகிற இடத்தில் அறுபத்து நாலு வீடு.
தோட்டம் கைமாறியபோது
லயத்தை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டியது.
கட்டிய கைகளில் இரண்டு என்னுடையவை.
இருபத்திரண்டு வருடம் ஆகிறது.
சிமெந்து ஒன்றுக்கு மணல் ஆறு என்று தாளில் இருந்தது.
நாங்கள் பத்து போட்டோம்.
மிச்ச மூட்டைகள் எங்கே போயின?
பெரும்பாலும் குத்தகைக்காரர் லாரியில்.
இரண்டு என் மோட்டார் சைக்கிளில்.

தட்டிப் பார்த்தேன்.
காலி பிஸ்கட் டின்னின் சத்தம்.
எந்த உயரத்தில் கம்பி வேண்டும் என்று
அளவு நாடாவை நீட்டினேன்.
அவர் அதைப் பார்க்கவே இல்லை.
கழிப்பறைத் தொட்டியின் மேல் உட்கார்ந்தார்,
எழப் போகிறவர் போல் முன்னால் சாய்ந்தார்,
கை தானாகப் போய் நின்ற இடத்தில்
சோப்பு நுரையால் ஒரு கோடு.
"இங்க."
நான் நினைத்ததற்கு நாலு அங்குலம் கீழே.

டைல் உடைந்தது. கல் உடைந்தது.
உளி தேவைப்படவில்லை,
பூச்சு விரலோடு வந்தது.
உள்ளே பொந்து, எறும்பு,
யாரோ செருகிவிட்டுப் போன சிகரெட் பெட்டி.
எட்டிப் பார்த்தவர் கேட்டார்:
"யாரு கட்டுன செவுரு இது?"
"வங்காளதேசக்காரனுங்க இருந்திருப்பானுங்க"
என்று என் வாய் சொன்னது.

பின்கட்டில் சிமெந்து குழைத்துக்கொண்டிருந்தான் ஷஃபிகுல்.
ஏழு வருடமாக என்னோடு இருப்பவன்.
இந்தச் சுவர் எழுந்தபோது
அவனுக்கு ஆறு வயதிருக்கும்,
இந்த நாட்டின் பெயர்கூடத் தெரிந்திருக்காது.
தமிழ் நன்றாகவே புரியும்.

மண்வெட்டிச் சத்தம் நின்றது.
பிறகு மறுபடி தொடங்கியது.
ஆனால் இந்த முறை
வாளி வாளியாக, உரக்க, எண்ணிக்கொண்டு:
"சிமெந்து ஒண்ணு.
மணலு ஒண்ணு.
மணலு ரெண்டு.
மணலு மூணு."
நாலாவது வாளியைக் கையில் தூக்கியபடி
என்னைப் பார்த்தான்.
பிறகு அதை மணல் குவியலிலேயே கொட்டினான்.

பொந்தை அடைத்தோம்.
குறுக்கே முறுக்குக் கம்பி, கெட்டிக் கல்,
பலகை கட்டி ஜல்லிக் கலவை.
ஏழு நாள் தொடக்கூடாது என்றேன்.
ஏழு நாளும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
சமையலறைப் பின்வாசலில் குளித்தாராம்,
கதவுக்குக் கைலி கட்டி.

எட்டாம் நாள் துளையிட்டபோது
துரப்பணம் முனகியது.
சாம்பல் நிறத் தூள். நல்ல தூள்.
கைப்பிடியைப் பூட்டி,
காலை மடக்கி அதில் தொங்கினேன்,
தொண்ணூற்றிரண்டு கிலோ.
"போதும், எறங்கு, அது என்னோடது"
என்றார் பவளக்கொடி.

கதவைச் சாத்திக்கொண்டார்.
வெளியே நாங்கள் இருவரும் நின்றோம்.
தண்ணீர் விழுகிற சத்தம்.
நின்றது.
எழுகிறார் போலிருக்கிறது.

ஷஃபிகுல் பக்கத்து வீட்டுச் சுவரில்
விரல் மடக்கி இரண்டு தட்டு தட்டினான்.
நான் வாளியைக் கழுவப் போனேன்.