அதே எட்டு

எழுபத்தொன்று.
போன ஞாயிறும் எழுபத்தொன்று.
அதற்கு முந்தைய வாரம் எழுபத்திரண்டு வந்தது.
நம்பாமல் மறுபடி கூட்டினேன்,
எழுபத்தொன்றுதான்.

எர்சுரும் ரயில் நிலையத்தில் எனக்கு இரவுப் பணி.
வெளியே மைனஸ் இருபத்து நான்கு.
ஹீட்டருக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு
இரண்டு மணிக்குத் தாளைத் திறப்பேன், எப்போதும் இரண்டு மணிக்கு.
கன்னத்தில் கட்டிச் சர்க்கரை, கையில் கறுப்புத் தேநீர்.
சர்க்கரை கரைவதற்குள் ஐந்து கணக்கு.
அதுதான் என் கடிகாரம்.

மூன்று புத்தகம் முடித்தாயிற்று.
நிகழ்தகவு தண்ணீர்பட்ட பாடு.
அப்பாவுக்கு மகனைப்போல மூன்று மடங்கு வயதாம்,
இருக்கட்டும், இருவரும் நன்றாக இருக்கட்டும்.
எண் மட்டும் அசையவில்லை.
இந்த ஊர் நிலமும் அப்படித்தான்.
மூச்சிரைக்க மலையேறி வந்தால்
மேலே தட்டையாய் ஒரு வெளி,
பனி மூடிக் கிடக்கும்,
இனி எந்தப் பக்கம் ஏற்றம் என்று அதற்கே தெரியாது.

"மூளைக்கும் ஒரு கூரை உண்டு அக்கா"
என்றாள் நாஸான், போனில், சிரித்தபடி.
நானும் சிரித்தபடிதான் போனை வைத்தேன்.

ஜனவரியில் ஒரு இரவு
ஒன்பது தாள்களையும் மேஜையில் பரப்பி
தப்புகளை மட்டும் பொறுக்கினேன்.
பாடம் பார்த்துப் பிரித்தால் ஒன்றும் பிடிபடவில்லை.
வரிசை எண்ணைப் பார்த்தேன்.
மற்றவை ஆங்காங்கே சிதறிக் கிடக்க
முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை
எல்லாத் தாளிலும் ஓட்டை.
சுலபமோ கடினமோ, அதே எட்டு.

முதலில் பயந்தேன்.
பிறகு ஜன்னல் அதிர்ந்தது.

இரண்டு நாற்பது. கார்ஸிலிருந்து சரக்கு வண்டி.
பென்சிலைப் போட்டுவிட்டு
பச்சை விளக்கோடு நடைமேடையில் நிற்க வேண்டும்.
வண்டி போனதும் உள்ளே வந்து
கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்து
விட்ட இடத்தில் பிடிப்பேன்.
பிடித்ததாக நினைத்திருக்கிறேன்.
எழுதியது கை மட்டும்.
நான் இன்னும் வெளியே,
கடைசிப் பெட்டியின் சிவப்பு
புள்ளியாவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இவ்வளவுதானா என்று துள்ளினேன்.
விடுப்பு எடுத்து, பட்டப்பகலில்,
தண்டவாளமே தெரியாத நூலகத்தில் எழுதினேன்.

எழுபத்தொன்று.
அதே எட்டு.

பாயின்ட்ஸ்மேன் ஜெவ்தெத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.
அடுத்ததும் எழுபத்தொன்றுதான் என்று
ஒரு தட்டு கெபாப் பந்தயம் கட்டினான்.
என்னைவிட நான்கு வயது சின்னவன், சனியன்.
கட்டினேன்.

அந்த முறை முப்பது முடிந்ததும்
பென்சிலைக் கீழே வைத்தேன்.
வரட்டும் என்றேன்.
வந்தது.
எண்ணெய் டாங்கர், மரம், மறுபடி டாங்கர்,
வெறும் பெட்டி ஒன்று கடகடவென்று.
முப்பத்திரண்டையும் எண்ணினேன்.
நேரம் போனது, போகட்டும்.
நாற்காலியில் உட்கார்ந்தபடியே
சிவப்பு மறையும்வரை நின்றேன்.

பிறகு முப்பத்தொன்றாம் கேள்வி.
ஒரு தொட்டி, இரண்டு குழாய்,
அடியில் ஒரு ஓட்டை.
ஓட்டையை அன்றுதான் பார்த்தேன்.

எழுபத்தேழு.

ஜெவ்தெத் இன்னும் கெபாப் வாங்கித் தரவில்லை,
எழுபத்தேழு ஒரு மார்க்கா என்கிறான்.
மே மாதம் அசல் தேர்வு.
எந்தப் பள்ளிக்கூடமோ, எந்த அறையோ,
பக்கத்தில் யார் மூக்கை உறிஞ்சுவார்களோ.
கண்காணிப்பாளர் வந்து குனிந்து
உடம்பு சரியில்லையா என்று கேட்கலாம்.
ஒன்றரை நிமிஷம் பொறுங்கள் என்பேன்,
வண்டி ஒன்று வந்துகொண்டிருக்கிறது.